கெட்டிக்கார மயக்க மருந்து எது?

குட்டீஸ்! இந்த வாரக் கட்டுரையை ஒரு புதிரோடு ஆரம்பிக்கலாமா?

2018-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி. தாய்லாந்து நாட்டின் வடக்கே உள்ள சியாங் ராய் மாகாணம். 'காட்டுப் பன்றிகள்' என்ற கால்பந்து அணியைச் சேர்ந்த 12 பையன்கள், பயிற்சி முடிந்ததும் தங்கள் துணைப் பயிற்சியாளரோடு தாம் லுவாங் என்ற குகையைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். பையன்களின் வயது 11 முதல் 16 வரை. உள்ளே போன பிறகு வெளியே கனமழை. குகைக்குள் வெள்ளம் புகுந்தது. திரும்பி வரும் வழி தண்ணீரில் மூழ்கிவிட்டது.

உலகமே கவலையோடு காத்திருந்தது. ஜூலை 2-ம் தேதி, இங்கிலாந்து நாட்டு முக்குளிப்பு வீரர்கள் இருவர் வெள்ளத்துக்குள் நீந்திப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். 13 பேருமே உயிரோடு இருந்தார்கள்!

ஆனால், அவர்களை எப்படி வெளியே கொண்டு வருவது? குகை வாசலில் இருந்து ஏறக்குறைய 4 கிலோ மீட்டர் உள்ளே இருந்தார்கள். வழியெல்லாம் சேற்றுத் தண்ணீர். முகத்துக்கு எதிரே கையை நீட்டினால்கூடத் தெரியாது. சில இடங்களில் ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக் கொண்டு போகும் அளவுக்குத்தான் இடுக்கு. காற்று சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர், ஜூலை 6-ம் தேதி தண்ணீருக்குள்ளேயே உயிரிழந்தார். தேர்ந்த வீரருக்கே அந்த நிலை என்றால், முக்குளிக்கவே தெரியாத பையன்கள் என்ன செய்வார்கள்? பயத்தில் ஒரு பையன் முகமூடியைப் பிடுங்கி எறிந்தால் போதும். அவனுக்கும் ஆபத்து. அவனைக் கூட்டி வருபவருக்கும் ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் இருந்து ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற டாக்டர் வரவழைக்கப்பட்டார். அவர் மயக்க மருந்து டாக்டர். குகைகளில் முக்குளிப்பதிலும் கைதேர்ந்தவர். பையன்களை மயங்க வைத்து, பொட்டலம் போலத் தூக்கி வருவது என்று முடிவானது. வேறு வழி இல்லை.

இப்போது புதிர்: டாக்டர் ஹாரிஸ் எந்த மயக்க மருந்தை எடுத்துக்கொண்டு போனார்? ஏன்?

பதிலை இப்போதே சொல்லிவிட்டால் சுவை இருக்காது. முதலில் மயக்க மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நடுவில் நீங்களே பதிலைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், பாருங்களேன்!

தூக்கம் வேறு, மயக்கம் வேறு

டான்சில், குடலிறக்கம், எலும்பு முறிவு என்று குழந்தைகளுக்கும் பல ஆபரேஷன்கள் நடக்கின்றன. அதற்கு முன் 'தூங்க வைக்கப் போகிறோம்' என்று டாக்டர் சொல்வார். உண்மையில் அது நாம் ராத்திரி தூங்கும் தூக்கம் இல்லை.

தூங்கும்போது கொசு கடித்தால் கை தானாகப் போய்த் தட்டுகிறது அல்லவா? அம்மா போர்வையை இழுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு எவ்வளவு உலுக்கினாலும் விழிப்பு வராது. வலி தெரியாது. நடந்தது எதுவும் நினைவிலும் இருக்காது. மருந்தை நிறுத்தினால்தான் விழிப்பு வரும்.

இதை ஒரு விமானப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் மேலே ஏறுகிறது. பிறகு ஒரே உயரத்தில் பறக்கிறது. கடைசியில் தரை இறங்குகிறது. மயக்கத்திலும் இதே மூன்று கட்டங்கள். விழித்திருக்கும் குழந்தையை மயக்கத்துக்குக் கொண்டு போவதுதான் 'மேலே ஏறும்' கட்டம். அதிகக் கவனம் தேவைப்படும் நேரங்களில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டத்துக்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்வி ஏறக்குறைய 180 ஆண்டுகளாக நடக்கும் ஒரு போட்டி!

முதல் போட்டியாளர் ஈதர்

மயக்க மருந்து வருவதற்கு முன்பு ஆபரேஷன் என்றால் நான்கைந்து பேர் கை கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் அவசர அவசரமாக அறுப்பார். எவ்வளவு வேகமாக முடிக்கிறாரோ அவ்வளவு நல்ல டாக்டர்!

1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஒரு நோயாளியை ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகர வைத்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற புகழ்பெற்ற டாக்டர் அந்த நோயாளியின் கழுத்தில் இருந்த கட்டிக்கு ஆபரேஷன் செய்தார். நோயாளி அலறவே இல்லை. செய்தி சில மாதங்களில் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால், ஈதரிடம் குறைகள் இருந்தன. அதன் நெடி மூக்கைத் துளைக்கும். இருமல் வரும். மயங்குவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். விழித்த பிறகு வாந்தி. போதாக்குறைக்கு, ஈதர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஆபரேஷன் செய்த காலத்தில் அது எவ்வளவு ஆபத்து, யோசித்துப் பாருங்கள்!

ஹன்னாவின் கதை

மறு வருடமே, 1847-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோபார்மைக் கொண்டு வந்தார். இனிப்பான வாசனை. தீப்பிடிக்காது. கைக்குட்டையில் கொஞ்சம் விட்டு மூக்கருகே பிடித்தால் போதும், சீக்கிரமே மயக்கம். 'ஈதரை ஜெயித்தாச்சு!' என்று பலரும் நினைத்தார்கள்.

இரண்டே மாதத்தில் அதிர்ச்சி வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண். அவளுக்குக் கால் விரல் நகத்தில் பிரச்சினை. சில மாதங்களுக்கு முன்பு வேறொரு விரல் நகத்தை ஈதர் கொடுத்து எடுத்திருந்தார்கள். அப்போது ஆபத்து எதுவும் நேரவில்லை. 1848 ஜனவரி 28-ம் தேதி இந்த முறை குளோரோபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் ஹன்னா இறந்துவிட்டாள். குளோரோபார்மால் இறந்ததாகப் பதிவான முதல் நபர் அவள்தான்.

ஒரு நகத்துக்காக ஓர் உயிர்!

காரணம் என்ன என்று டாக்டர்கள் வாதம் செய்தார்கள். லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இதை ஆழமாக ஆராய்ந்தார். 'கைக்குட்டையில் விட்டால் எவ்வளவு ஆவி உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அளவு கூடினால் இதயம் நின்றுவிடும்' என்பது அவருடைய கருத்து. அளவாக ஆவியைக் கொடுக்கும் கருவியை அவர் உருவாக்கினார். பிற்காலத்தில், குளோரோபார்ம் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் என்பதும் உறுதியானது. அந்த மருந்தை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள்.

ஹன்னாவின் மரணம் டாக்டர்களுக்கு ஒரு பாடம் சொன்னது. வாசனை நன்றாக இருக்கிறது, வேகமாக வேலை செய்கிறது என்பதற்காக ஒரு மருந்து நல்லதாகிவிடாது. எத்தனை சீக்கிரம் தூங்க வைக்கிறது? மூச்சை என்ன செய்கிறது? இதயத்தை என்ன செய்கிறது? விழித்த பிறகு எப்படி இருக்கிறது? இந்த நான்கு பாடத்திலும் மார்க் வாங்க வேண்டும்!

முகமூடி மருந்து

குழந்தைகளுக்கு ஊசி என்றால் பயம். அதனால், முகர வைக்கும் மருந்துகளில் நல்லது எது என்று தேடுவது நிற்கவே இல்லை.

1951-ல் இங்கிலாந்தில் சார்லஸ் சக்ளிங் என்ற வேதியியல் விஞ்ஞானி ஹாலோதேன் என்ற மருந்தை உருவாக்கினார். 1956-ல் அது நோயாளிகளுக்கு வந்தது. தீப்பிடிக்காது. மூக்கை எரிக்காது. பல ஆண்டுகள் உலகம் முழுவதும் குழந்தைகளைத் தூங்க வைத்தது இந்த ஹாலோதேன்தான். ஆனால், இது இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். மிக அரிதாகக் கல்லீரலையும் பாதிக்கும்.

அடுத்து வந்தது செவோஃபுளூரேன். 1990-ல் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்து, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. நெடி இல்லை. இதயத்தையும் ஹாலோதேன் அளவுக்குத் தொந்தரவு செய்யாது. வேகமோ வேகம்! ஒன்றிரண்டு நிமிடங்களில் குழந்தை தூங்கிவிடும்.

ஏன் இவ்வளவு வேகம் தெரியுமா? இங்கேதான் ஒரு வேடிக்கையான அறிவியல் இருக்கிறது.

நாம் முகரும் மருந்து நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போகிறது. அப்படியானால் ரத்தத்தில் நன்றாகக் கரையும் மருந்துதானே சீக்கிரம் வேலை செய்ய வேண்டும்? இல்லை, நேர் எதிர்! ஒரு பெரிய அண்டாவையும் ஒரு டம்ளரையும் ஒரே மாதிரியான இரண்டு குழாய்களுக்கு அடியில் வையுங்கள். எது முதலில் நிரம்பி வழியும்? டம்ளர்தானே? ஈதர் ரத்தத்தில் மிக நன்றாகக் கரையும். அதற்கு ரத்தம் ஓர் அண்டா. எவ்வளவு வந்தாலும் ரத்தமே விழுங்கிக்கொண்டு இருக்கும். அண்டா நிரம்பினால்தான் மூளைக்குப் போதிய அளவு கிடைக்கும். செவோஃபுளூரேன் ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் கரையும். அதற்கு ரத்தம் ஒரு டம்ளர். சட்டென்று நிரம்பி மூளையை எட்டிவிடும்!

கணக்கில் சொன்னால், நுரையீரல் காற்றில் இருக்கும் அளவைப் போல 12 மடங்கு ஈதர் ரத்தத்தில் கரைகிறது. ஹாலோதேன் சுமார் இரண்டரை மடங்கு. செவோஃபுளூரேன் ஒரு மடங்குகூட இல்லை. முக்கால் பங்குக்கும் குறைவுதான்.

சரி, செவோஃபுளூரேனுக்கு எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறா? இல்லை. கடைசிப் பாடத்தில் மார்க் குறைகிறது. விழிக்கும்போது சில குழந்தைகள், முக்கியமாகப் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குட்டிகள், காரணமே இல்லாமல் அழுது, கை காலை உதறி ரகளை செய்வார்கள். அம்மாவைக்கூட அடையாளம் தெரியாதது போலப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். குழந்தைக்குப் பிறகு அது நினைவிலும் இருக்காது. பார்க்கும் அம்மாவுக்குத்தான் மனசு பதறும்!

பால் போன்ற ஊசி மருந்து

இப்போது ஊசி மருந்துக்கு வருவோம். கையில் ஒரு சின்னக் குழாய் போட்டு அதன் வழியாக மருந்தைச் செலுத்தினால், அரை நிமிடம் முக்கால் நிமிடத்தில் தூங்கிவிடலாம். 1934-ல் வந்த தயோபென்டால் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது. மஞ்சள் நிறப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் போடுவார்கள். ஆனால், ஆபரேஷன் முடிந்த பிறகும் தலை பாரமாக, மந்தமாக இருக்கும்.

அதை ஓரம் கட்டியது புரோபோஃபால். இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இயன் கிளென். அவர் மனித டாக்டர் இல்லை, கால்நடை டாக்டர்! 1973-ல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எலிகள் சட்டென்று தூங்கி, சட்டென்று விழித்தன. ஆனால், இந்த மருந்து தண்ணீரில் கரையாது. முதலில் ஒரு வகை எண்ணெயில் கரைத்து மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒவ்வாமை வந்துவிட்டது. சோதனையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

கிளென் குழுவினர் விடவில்லை. சோயா எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவில் இருந்து எடுக்கும் ஒரு பொருளையும் சேர்த்து, பாலைப் போல ஒரு கலவை செய்தார்கள். மருந்து அதில் அழகாக நின்றது. 1986-ல் விற்பனைக்கு வந்தது. எலியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி வந்து சேர 13 ஆண்டுகள்! 2018-ல் கிளெனுக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ்கர் விருது கிடைத்தது.

புரோபோஃபாலில் விழிப்பு தெளிவாக இருக்கும். வாந்தி குறைவு. ரகளையும் குறைவு. தொண்டையும் நன்றாகத் தளர்ந்துவிடும். குறைகள்? ஊசி குத்த வேண்டும். மருந்து உள்ளே போகும்போது கை எரியும். அதற்கு மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கொஞ்சம் சேர்த்துப் போடுவது உண்டு. இதைவிட முக்கியமான குறை, மூச்சை நிறுத்திவிடும். ரத்த அழுத்தமும் குறையும். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் உடனே பை மூலம் மூச்சு கொடுப்பார், பிரச்சினை இல்லை. ஆனால்...

புதிருக்கு விடை

ஆனால், சேற்றுத் தண்ணீர் நிறைந்த குகையில் யார் மூச்சு கொடுப்பது? இப்போது புரிகிறதா, டாக்டர் ஹாரிஸ் ஏன் புரோபோஃபாலை எடுக்கவில்லை என்று? செவோஃபுளூரேனுக்கோ பெரிய எந்திரம் வேண்டும். அதைக் குகைக்குள் கொண்டு போக முடியுமா?

அவர் எடுத்துப் போனது கெட்டமின் என்ற மருந்து. 1962-ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கியது. இது மற்ற மருந்துகளில் இருந்து மாறுபட்டது. மயக்கம் வரும், வலி தெரியாது. ஆனால், மூச்சு பெரும்பாலும் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தமும் பொதுவாகக் குறையாது. ரத்தக் குழாயைத் தேட வேண்டாம், தசையில் குத்தினாலே போதும். மின்சாரம் இல்லாத இடத்திலும், போர்க்களத்திலும் இந்த மருந்து கை கொடுப்பது இதனால்தான்.

பையன்களுக்கு முதலில் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. பிறகு ஒவ்வொருவனாகத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்து டாக்டரின் மடியில் உட்கார்ந்தான். காலில் கெட்டமின் ஊசி. கூடவே இன்னொரு ஊசி. அது எதற்கு? கெட்டமினுக்கு ஒரு கெட்ட பழக்கம், வாயில் எச்சில் அதிகம் ஊறும். முகமூடிக்குள் எச்சில் நிறைந்தால் மூச்சு அடைக்குமே! அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டாவது ஊசி. பிறகு முழு முகமூடி மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, முக்குளிப்பு வீரர்கள் ஒவ்வொருவனாக இழுத்து வந்தார்கள். வழியில் மயக்கம் தெளிய ஆரம்பித்தால் மறுபடி ஊசி போட, டாக்டர் அந்த வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இது வெற்றி பெறும் என்று டாக்டருக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஜூலை 8-ம் தேதி 4 பேர், 9-ம் தேதி 4 பேர், 10-ம் தேதி பயிற்சியாளரோடு சேர்த்து 5 பேர் என்று 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்!

அப்படியானால் கெட்டமின்தான் கெட்டிக்கார மருந்தா? அவசரப்படாதீர்கள். கெட்டமினில் இருந்து விழிக்கும்போது சிலருக்குப் பயங்கரக் கனவுகள் வரும். இல்லாதது இருப்பது போலத் தெரியும். தெளியவும் நேரம் ஆகும். நல்ல வசதி உள்ள ஆஸ்பத்திரியில் டான்சில் ஆபரேஷனுக்கு வந்த குழந்தைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது இல்லை.

சீட்டுக் குலுக்கிப் போட்ட டாக்டர்கள்

சரி, ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எது நல்லது, முகமூடியா, ஊசியா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் இதை ஒரு சோதனை மூலம் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது.

8 வயது வரை உள்ள சுமார் 300 குழந்தைகள். எல்லோருமே மூச்சுப் பிரச்சினை வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அண்மையில் சளி பிடித்தவர்கள், இழுப்பு உள்ளவர்கள், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு முகமூடியில் செவோஃபுளூரேன். மற்ற அணிக்கு ஊசியில் புரோபோஃபால்.

எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் முக்கியம். டாக்டர்கள் தங்கள் இஷ்டப்படி பிரித்திருந்தால், உடம்பு தேறிய குழந்தைகள் எல்லாம் ஓர் அணியிலும், நோஞ்சான்கள் மற்ற அணியிலும் போயிருக்கலாம். அப்புறம் ஜெயித்தது மருந்தா, உடம்பா என்று எப்படிச் சொல்வது? அதனால், சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தார்கள். நீங்கள் கிரிக்கெட்டுக்கு நியாயமாக அணி பிரிப்பது மாதிரிதான்!

முடிவு என்ன? முகமூடி அணியில் நூற்றுக்கு 43 பேருக்கு இருமல், தொண்டை இறுக்கம், ஆக்சிஜன் குறைவு போன்ற ஏதாவது ஒரு மூச்சுத் தொல்லை வந்தது. ஊசி அணியில் நூற்றுக்கு 26 பேருக்குத்தான்.

பார்த்தீர்களா? எந்த ஊசியைக் கண்டு குழந்தைகள் பயந்து ஓடுகிறார்களோ, அதே ஊசிதான் சளியும் இழுப்பும் உள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அதற்காக எல்லோருக்கும் ஊசிதான் என்றும் இல்லை. சளி இல்லாத, ஆரோக்கியமான ஒரு குழந்தை ஊசியைப் பார்த்தாலே அலறுகிறது என்றால், அல்லது ரத்தக் குழாயே கிடைக்கவில்லை என்றால், முகமூடிதான் நல்லது. பலூன் ஊதுவது போல ஊதிக்கொண்டே தூங்கிப் போகலாம்.

ஆக, 'கெட்டிக்கார மயக்க மருந்து எது?' என்ற கேள்விக்குப் பதில், எந்தக் குழந்தைக்கு, எந்த இடத்தில், எந்த ஆபரேஷனுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும். அதைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் வேலை. ஆனால், அந்த வேலையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உங்கள் பங்கு

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து நிறையக் கேள்விகள் கேட்பார். அம்மாவும் அப்பாவும் பதில் சொல்வார்கள். ஆனால், சில பதில்கள் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்!

* சாப்பிட்டீர்களா? ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு வழக்கமாக 6 மணி நேர இடைவெளி. தண்ணீருக்கு அதைவிடக் குறைவு. உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு. மயக்கத்தில் வயிற்றின் மேல் கதவு தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து. யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் தின்றிருந்தாலும் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்ட மாட்டார். ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாம், அவ்வளவுதான்.

* சளி, இருமல் உண்டா? சளி விட்ட பிறகும் சில வாரங்கள் வரை மூச்சுக் குழாய் சிடுசிடுப்பாகவே இருக்கலாம். 'லீவு வீணாகிவிடும், ஆபரேஷன் தள்ளிப் போய்விடும்' என்று இருமலை அடக்காதீர்கள்.

* பல் ஆடுகிறதா? மயக்கத்தில் அது விழுந்து மூச்சுக் குழாய்க்குள் போய்விடக் கூடாது. எந்தப் பல் என்று காட்டிவிடுங்கள்.

* வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? அப்பா பக்கத்தில் நின்றாலும் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் புகை உங்கள் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

* எதற்குப் பயம்? ஊசிக்கா, முகமூடிக்கா, அம்மாவை விட்டுப் போவதற்கா? இதையும் சொல்லலாம். ஊசி குத்தும் இடத்தில் தடவினால் மரத்துப் போகும் களிம்பு இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் நீங்கள் தூங்கும்வரை அம்மாவோ அப்பாவோ கூட இருக்கலாம்.

'நடுவில் விழித்துவிட்டால்?' என்று ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். அது மிக மிக அரிது. மருந்து கொடுத்ததும் மயக்க மருந்து டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவது இல்லை. ஆபரேஷன் முடியும்வரை உங்கள் தலைமாட்டிலேயே இருப்பார். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், மூச்சு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். விமானி பாதி வழியில் இறங்கிப் போக மாட்டார் அல்லவா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்துகள் எல்லாம் பல ஆண்டுகள் படித்த டாக்டர்கள், கருவிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுப்பவை. ஒரு துளி கூடினாலும் மூச்சு நிற்கும் மருந்தும் இதில் இருக்கிறது. விளையாட்டுக்குக்கூட யாரும் தொடக் கூடாது.

ஹன்னாவின் காலத்தில் ஒரு கைக்குட்டைதான் இருந்தது. இன்று உங்களுக்காக அலமாரி நிறைய மருந்துகள் காத்திருக்கின்றன. அவற்றில் உங்களுக்குப் பொருத்தமானதை எடுக்க டாக்டருக்கு உங்கள் உண்மையான பதில் வேண்டும். சொல்வீர்கள்தானே குட்டீஸ்?

துளித் துளியாய்...

* மயக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அனஸ்தீசியா' என்ற சொல் கிரேக்க மொழியில் இருந்து வந்தது. 'உணர்வின்மை' என்று பொருள். 1846-ல் இந்தப் பெயரைச் சிபாரிசு செய்தவர், ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர்.

* 1853-ல் இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் பிரசவத்துக்குக் குளோரோபார்ம் கொடுத்தவர் ஜான் ஸ்னோ. 1854-ல் லண்டனில் காலரா பரவியதற்கு ஒரு தெருக் குழாயின் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தவரும் இவரேதான்!

* குளோரோபார்ம் ஆபத்தா என்று ஆராய, ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் ஆதரவோடு 1888, 1889-ம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் இயங்கின. தலைமை தாங்கியவர் எட்வர்ட் லாரி என்ற டாக்டர். அந்த நாட்களில் ஹைதராபாத்தில் மயக்க மருந்து கொடுத்த ரூபா பாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர்களில் ஒருவர்.

* ஆபரேஷனின்போது விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று ஊசி குத்தாமலே அது சொல்லிவிடும். இதற்கான வழியை 1974-ல் கண்டுபிடித்தவர் ஜப்பான் பொறியாளர் டகுவோ அவோயாகி.